சாக்கியல் நோக்கில் பாஸ் தூண்டில்: ஓர் ஆய்வு

1932 ஜூன் 2ஆம் தேதி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஓக்மல்கி ஆறு போக்கு மாறியபோது விட்டுச்சென்ற மான்ட்கோமரி ஏரி என்னும் நீர்நிலையில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி ஒரு பெருவாய் பாஸ் மீனைப் பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதே இனத்தில் இன்னொன்றைப் பிடித்தார். எடை 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். இரண்டு மீன்களுக்கும் இடையே ஓடியது 77 ஆண்டும் ஒரு மாதமும். கூடிய எடை 27 கிராம் சொச்சம். மூன்றரைப் பவுன் சங்கிலிக்குக்கூடக் கொஞ்சம் குறைகிறது. ஆண்டுக்கு எவ்வளவு என்று வகுத்தால் ஏறக்குறைய மூன்று குன்றிமணி எடை வருகிறது. அந்த மூன்று குன்றிமணியையும் பன்னாட்டு விளையாட்டு மீன் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. 25 பவுண்டுக்கு உட்பட்ட மீன் என்றால் பழைய சாதனையை 2 அவுன்ஸாவது தாண்ட வேண்டும் என்பது அவர்கள் விதி. எனவே 2010 ஜனவரியில் ‘சமம்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த 77 ஆண்டுகளில் வந்த கருவிகளைக் கணக்கெடுத்தால் தலை சுற்றும். பட்டு நூல் போய் நைலான் வந்தது. நம் கடற்கரையில் தங்கூசி என்றால்தான் புரியும். மூங்கில் கழியும் எஃகுக் கழியும் போய்க் கண்ணாடியிழைக் கழி வந்தது. 1970களில் கார்பன் இழை வந்து அதையும் மூலையில் சாத்தியது. துடுப்புப் போட்ட கைக்கு மின்மோட்டார் வந்தது. ஏரியின் அடியைக் காட்டும் ஒலிக்கருவி, நிற்கும் இடத்தைச் சொல்லும் செயற்கைக்கோள் கருவி, இரண்டையும் பொருத்திக்கொண்டு பறக்கும் படகு என்று வந்துகொண்டே இருந்தன. எல்லாம் சேர்ந்து தராசில் ஏற்றியது ஆண்டுக்கு மேற்சொன்ன மூன்று குன்றிமணி. அதிலும் ஒரு நெருடல் உண்டு. குரிட்டா முள்ளில் கோத்தது உயிருள்ள புளூகில் மீன். அது பிறப்பால் அமெரிக்க மீன். 1960இல் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் அன்பளிப்பாகக் கொடுத்து ஜப்பானுக்குள் வந்து, ஏரிகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு எமனாகி, 2007இல் பேரரசராக இருந்த அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டிய அளவுக்குப் போனது. பாஸும் 1925இல் அங்கே இறக்கிவிடப்பட்ட அமெரிக்க வரவுதான். ஆக, அமெரிக்க மீனைக் காட்டி அமெரிக்க மீனைப் பிடித்திருக்கிறார்கள். சின்ன மீனை முள்ளில் கோத்துப் பெரிய மீனுக்குக் காட்டும் வித்தைக்கு எந்தக் கம்பெனியும் காப்புரிமை கேட்க முடியாது.

இந்தச் சான்றுகளிலிருந்து இக்கட்டுரை வந்தடையும் முடிவு இது: பாஸ் தூண்டில் கருவிகளின் வரலாற்றை மீன் பிடிக்கும் கருவிகளின் வரலாறாக எழுதுவது முறையியல் பிழை. அவை எதற்காகச் செய்யப்பட்டன என்பதைத் தமிழ்ச் சொல் ஒன்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது. சாக்கு என்பதற்கு நம் மொழியில் இரண்டு பொருள். மீன் போட ஆற்றுக்கு எடுத்துப் போவது ஒன்று. மீன் படாத நாளில் வீட்டுக்கு எடுத்து வருவது இன்னொன்று. தூண்டில்காரர் எந்த நாளும் சாக்கு இல்லாமல் வீடு திரும்புவதில்லை என்பது இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். கருவிகள் இரண்டாவது வகைச் சாக்கை விளைவிக்கவே தோன்றின, வளர்ந்தன; எந்தக் கருவி அந்த விளைச்சலைக் குறைக்கிறதோ அதை அந்தச் சமூகமே வெளியே தள்ளியிருக்கிறது. பழைய கருவியா புதிய கருவியா என்று பாஸ் பிடிப்பவர்களிடையே ஓயாமல் நடக்கும் சண்டையை இந்தச் சாக்கியல் நோக்கில் அணுகினால்தான் முடிச்சு அவிழும்.

உயிரியல் படித்தவர்கள் உடனே கை தூக்குவார்கள். ஒரு மீன் எவ்வளவு எடை வளரும் என்பது அதன் பரம்பரையையும் தண்ணீரையும் தீனியையும் பொறுத்தது. பிடிப்பவன் கையில் மூங்கில் இருந்தாலும் கார்பன் இருந்தாலும் மீன் பத்துக் கிலோ சொச்சத்துக்கு மேல் வளராது. அதைக் கருவியின் தோல்வி என்பது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவர் தம்மை அறியாமலே நம் கட்சிக்கு வந்துவிட்டார். மீனின் எடை கருவியின் கையில் இல்லை என்றால், கருவி வாங்குபவர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகிறது. அவர் விவரம் தெரியாதவர் அல்லர். கொடுத்த பணத்துக்கு ஏதோ ஒன்று அவர் கைக்கு வந்து சேர்கிறது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பழைய கருவிகளிலிருந்து தொடங்கலாம். பின்னிய பட்டு நூலைக் கொண்டு ஒரு நாள் தூண்டில் போட்டால், அன்று மாலையே ரீலிலிருந்து முழு நூலையும் உருவி, நாற்காலி முதுகிலோ அதற்கென்றே செய்த சட்டத்திலோ சுற்றிக் காயவைக்க வேண்டும். ஒருநாள் சோம்பினால் நூல் உளுத்துவிடும். பார்த்தால் தெரியாது, பெரிய மீன் இழுக்கும்போதுதான் தெரியும். இந்த ஒரு பண்பினால் மட்டுமே ‘மலைபோல ஒரு மீன், கரைக்கு வரும்போது நூல் அறுந்துவிட்டது’ என்ற செவ்வியல் வாக்கியம் பிறந்தது. அறுந்த நூலின் நுனியைக் காட்டலாம். மீனைக் காட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். நூலைவிட வளமானது ரீல். கழியை வீசும்போது இரை முன்னே பறக்கிறது, உருளை சுழன்று நூலை விடுகிறது. காற்றில் இரையின் வேகம் தளர்கிறது. உருளைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை, அது பழைய வேகத்திலேயே சுற்றுகிறது. கட்டைவிரலைச் சரியான கணத்தில் சரியான அழுத்தத்தில் வைக்காவிட்டால், வெளியே போக இடமில்லாத நூல் உருளைக்குள்ளேயே பொங்கி, சுருண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு கொத்தாகிவிடும். இதை அமெரிக்கர்கள் பறவைக்கூடு என்கிறார்கள். தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்த எவரும் அந்த உவமையை ஏற்க மாட்டார்; குருவி முடைவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எப்படியோ, அந்தச் சிக்கை எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். மீன் கடிக்கும் நேரம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விடியற்காலை அதிலேயே போய்விடும். இதைவிடக் கச்சிதமான சாக்கு உற்பத்தி இயந்திரத்தை மனிதகுலம் வடிவமைத்ததில்லை.

அதை வடிவமைத்தவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் நகரில் பல்சக்கர ரீலை உருவாக்கிப் பேர்பெற்ற ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். பாஸ் பிடிப்பவர்கள் பூஜை செய்யாத குறையாகப் போற்றும் அம்பாசடர் ரீலைச் செய்த ஸ்வீடனின் ஆபு நிறுவனத்தின் பெயரைப் பிரித்தால் ‘கடிகாரத் தொழிற்சாலை’ என்று வரும். ரீலுக்கு முன்பு அவர்கள் செய்தவற்றில் டாக்ஸி மீட்டரும் ஒன்று. ஓக்லஹோமாவின் டல்சாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கான நேரவெடிகளைச் செய்துவந்த ‘ஜீரோ ஹவர் பாம் கம்பெனி’க்கு ரீல் யோசனையோடு வந்த ஆர். டி. ஹல்லும் கடிகாரம் பழுது பார்ப்பவர். தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஒற்றுமை இது. பல்சக்கரம் நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவர்கள் வேறு யார் இருந்தார்கள் என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் கேட்பார், கேட்கட்டும். சாக்கியல் மாணவருக்கு இதில் தெரிவது வேறு: நேரத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி ஒலியோடு வெளியேற்றும் கலையில் கைதேர்ந்தவர்கள், அதே கலையை முகப்புத் தகடும் முள்ளும் இல்லாமல் செய்து காட்டிய பொருள்தான் ரீல்.

அந்த ஹல் செய்த காரியத்தைத்தான் நம் கருதுகோளுக்கு முதல் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர், அசையாமல் நிற்கும் நூற்கண்டின் தலையிலிருந்து சிக்கே இல்லாமல் நூலை உருவுவதை அவர் பார்த்தார். உருளை சுற்றினால்தானே சிக்கு? சுற்றாமலே வைத்தால் என்ன? 1949இல் அந்த ரீல் விற்பனைக்கு வந்தது. கம்பெனிப் பெயரும் பின்னர் ஜெப்கோ என்று சுருங்கியது. பொத்தானை அழுத்து, வீசு, விடு, அவ்வளவுதான். பறவைக்கூடு ஒழிந்தது. கருவி மீனுக்காகத்தான் என்றால், அன்றோடு பழைய ரீல்கள் எல்லாம் அருங்காட்சியகம் போயிருக்க வேண்டும். நடந்தது என்ன? பொத்தான் ரீல் குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் உரியது என்று ஒதுக்கப்பட்டது. ‘தேர்ந்த’ பாஸ்காரர்கள் சிக்கு விழும் ரீலையே கையில் வைத்துக்கொண்டார்கள்; பிறகு அந்தச் சிக்கைக் குறைக்கக் காந்தத் தடை, அதற்கும் பிறகு கணினிச் சில்லு வைத்த தடை என்று வாங்கிக்கொண்டே போனார்கள். சிக்கை ஒழிக்கும் கருவி மலிவாகக் கிடைத்தபோது வேண்டாம் என்றவர்கள், குறைக்கும் கருவிக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ஒழிப்பதற்கும் குறைப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன மிச்சம் இருக்கிறதே, அதன் பெயர்தான் சாக்கு.

செயற்கை இரைகளின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. மிச்சிகன் மாநிலத்து டோவாஜியாக்கில் ஜேம்ஸ் ஹெடன் என்ற தேனீ வளர்ப்பாளர், கத்தியால் சீவிக்கொண்டிருந்த மரத்துண்டை மில் குளத்தில் விட்டெறிய, பாஸ் ஒன்று அதைப் பாய்ந்து அடித்தது என்றும், அதிலிருந்துதான் அவர் மர இரை செய்யத் தொடங்கினார் என்றும் வழங்கும் கதை புகழ்பெற்றது. கதை உண்மையானால் சாயம் பூசாத மரத்துண்டே போதும் என்பது அன்றைக்கே நிரூபணமாகிவிட்டது. 1949இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்ற இயந்திரத் தொழிலாளி பிளாஸ்டிக் புழுவை வார்த்தெடுத்தார். மண்புழு போலவே நெளியும், டப்பாவில் சாகாது. அதன்பின் வந்த நிறங்களைப் பாருங்கள்: தர்பூசணி, பச்சைப் பூசணி, ஜூன் வண்டு, மோட்டார் ஆயில். காய்கறிக் கடையையும் மெக்கானிக் ஷெட்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்துகிறார்களோ என்று தோன்றும். 1980களில் ஓக்லஹோமா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வை வைத்து, தண்ணீரில் இறக்கினால் இன்றைக்கு இன்ன நிறம் என்று முள் காட்டும் மீட்டரே விற்பனைக்கு வந்தது. பின்னர் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸின் கண்ணையே சோதித்தார்கள். சிவப்பும் பச்சையும் அதற்கு நன்றாகத் தெரிகின்றன. ஆனால் பளீர் மஞ்சளையும் வெள்ளையையும், கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறியத் திணறுகிறது. கலங்கிய நீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்த இரையே கைகண்டது என்பது பாஸ்காரர்களின் வேதவாக்கு. அந்த நீலம் யாருக்காக? மீனுக்கு இல்லை என்பது தெளிவு. பெட்டியில் முப்பது நிறம் இருந்தால், போடாமல் விட்ட நிறம் இருபத்தொன்பது. மீன் படாத ஒரு நாளுக்கு இருபத்தொன்பது விளக்கங்கள் கையிருப்பு என்றால், அந்தப் பெட்டி என்ன விலையானாலும் மலிவுதான்.

இத்தனைக்கும் மேலான சான்று ஒன்றை அந்த விளையாட்டின் தந்தையே அளித்திருக்கிறார். அலபாமாவைச் சேர்ந்த காப்பீட்டு முகவர் ரே ஸ்காட், 1967 ஜூனில் ஆர்கன்சா மாநிலத்து பீவர் ஏரியில் ஆளுக்கு 100 டாலர் நுழைவுக்கட்டணம் வாங்கி 106 பேரைத் திரட்டிப் போட்டி நடத்தினார். அதிலிருந்துதான் இன்றைய பாஸ் போட்டி உலகம் முளைத்தது. 1971இல் அவர் நடத்திய முதல் ‘கிளாசிக்’ போட்டியில் எங்கே மீன் பிடிக்கப் போகிறோம் என்பதை விமானம் ஏறிய பிறகுதான் சொன்னார், மீட் ஏரி. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு. கொண்டுவரும் சாமான் பத்துப் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. இழப்பீட்டுத் தொழிலில் இருந்தவர் என்பதால் சாக்குகளைச் சமமாகப் பங்கிடும் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு அவரே, பிடித்த மீனைக் கொல்லாமல் தொட்டியில் வைத்திருந்து, எடை போட்டபின் ஏரியிலேயே விடும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். நல்ல காரியம், மீன்வளம் பிழைத்தது. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தர்க்கத்துக்குக் கண்ணோட்டம் கிடையாது. பல்லாயிரம் டாலர் கருவியோடு போய்ப் பிடித்த மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அப்படியானால் வீட்டுக்குக் கொண்டுவருவது எதை? பரிசுத்தொகை பெரிதாக உள்ள பல போட்டிகளில் வென்றவரைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைக்கிறார்கள். குரிட்டாவும் அந்தச் சோதனைக்கு உட்பட்டுத் தேறியவர்தான். டென்னிஸ்காரரையோ கபடி வீரரையோ இப்படிச் சோதித்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? எந்தத் தொழிலில் எது விளைகிறதோ அதை அளக்கத்தான் அங்கே கருவி இருக்கும்.

இனி ஒலிக்கருவிக்கு வருவோம். இங்கேதான் பழையதும் புதியதும் உண்மையிலேயே முட்டிக்கொள்கின்றன. 1950களின் இறுதியில் கார்ல் லோரன்ஸ், கப்பற்படைக்கு உரியதாக இருந்த சோனாரைச் சின்னப் பச்சைப் பெட்டி ஒன்றுக்குள் அடக்கித் தூண்டில்காரர்களுக்கு விற்றார். ‘இந்த ஏரியில் மீனே இல்லை’ என்ற ஆதிச் சாக்குக்கு அது பேரிடி. சாக்கு உலகம் நிலைகுலையவில்லை; ‘மீன் இருக்கிறது, கடிக்க மாட்டேன் என்கிறது’ என்று ஒரு படி மேலே ஏறிக்கொண்டது. பெட்டி காட்டியது படகுக்குக் கீழே இருப்பதை மட்டுமே என்பதால் மீதி ஏரி முழுவதும் கற்பனைக்கு மிச்சமிருந்தது. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் வந்ததும் அந்த மிச்சமும் போயிற்று. படகுக்கு முன்னால் நடப்பதை அந்தந்தக் கணமே திரையில் காட்டுகிறது. இரை ஒரு வெள்ளைப் புள்ளியாக இறங்குவது தெரிகிறது. கீழே மரக்கட்டை ஓரம் கிடந்த பெரிய திட்டு ஒன்று அசைந்து, எழும்பி, புள்ளியை நோக்கி வருகிறது. ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. பார்க்கிறது. பிறகு திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே படுத்துக்கொள்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புவார்களே, அந்த மாதிரி. நூல் அறவில்லை, சிக்கு விழவில்லை, மீன் இல்லாமலும் இல்லை. வந்தது, பார்த்தது, பிடிக்கவில்லை. மனிதன் தூண்டில் போடத் தொடங்கிய காலந்தொட்டு எந்தத் தூண்டில்காரரும் இவ்வளவு நேரடியாக நிராகரிக்கப்பட்டதில்லை.

எதிர்த்தரப்பின் கனமான வாதம் இங்கே வருகிறது: ‘உலகச் சாதனையை விடுங்கள்; போட்டிகளில் இந்தத் திரையைப் பார்த்துப் பிடிப்பவர்கள் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். ஆக, புதிய கருவி மீன் பிடிக்கிறது. உங்கள் கருதுகோள் தவிடுபொடி.’ கருவி மீன் பிடிக்கிறது என்பதை முழு மனதோடு ஏற்கிறோம். ஆனால் அது மீன் பிடித்ததும் அவர்கள் செய்த காரியம் என்ன? நேஷனல் புரொஃபெஷனல் ஃபிஷிங் லீக் 2024 பருவத்துக்கு லைவ்ஸ்கோப் போன்ற முன்னோக்குச் சோனாரையே தடை செய்தது. மேஜர் லீக் ஃபிஷிங் 2025இல் தன் முதன்மைப் போட்டியில், நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2011 அக்டோபரில் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் இலாயஸ், குடைக்கம்பி போல் விரிந்த ஐந்து கம்பிகளில் ஐந்து இரைகளைக் கட்டிய அலபாமா ரிக்கை வீசி, நான்கு நாளில் நூறு பவுண்டுக்கு மேல் பிடித்து வென்றார். அடுத்த ஆண்டே ரே ஸ்காட் தொடங்கிய அமைப்பு தன் உயர்மட்டப் போட்டிகளில் அதற்குத் தடை போட்டது. திறமைக்கு மதிப்பில்லாமல் போகும் என்பது சொல்லப்படும் காரணம். மதிக்க வேண்டிய காரணமும்கூட. ஆயினும் வரிசையைக் கவனியுங்கள். சிக்கு விழும் ரீலுக்குத் தடை இல்லை. மீன் பிரித்தறியாத நீலத்துக்குத் தடை இல்லை. சந்தேகத்துக்கு இடமின்றி மீன் பிடித்த இரண்டு கருவிகளுக்குத்தான் விதி வந்தது. ‘அந்தக் காலத்தில் தண்ணீரைப் பார்த்தே மீன் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள், இப்போது டிவி பார்த்துப் பிடிக்கிறார்கள்’ என்று மூத்தவர்கள் முணுமுணுப்பதையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். திரை எல்லாச் சாக்கையும் பறித்த பிறகு, திரையே அவர்களுக்குச் சாக்காகிவிட்டது.

கடைசியாக ஜார்ஜ் பெர்ரி. அவர் காலம் பொருளாதாரப் பெருமந்தக் காலம். அன்று நண்பர் ஒருவரோடு போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே கழி, ஒரே செயற்கை இரை, வீட்டில் தட்டிச் சேர்த்த படகு என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வேறு நிறம் போட்டுப் பார்த்திருக்கலாம் என்று சொல்ல வேறு நிறம் இல்லை. வேறு கழி எடுத்து வந்திருக்கலாம் என்று சொல்ல வேறு கழி இல்லை. சாக்கு வகையில் அமெரிக்காவிலேயே பரம ஏழை அவர்; மீன் பிடிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. பிடித்த மீனை ஊர்க்கடையில் எடைபோட்டு, ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் பத்திரிகைப் போட்டிக்கு விவரம் அனுப்பி, 75 டாலர் பெறுமான பொருட்களைப் பரிசாகப் பெற்றார். பாடம் செய்து சுவரில் மாட்டவில்லை. வீட்டில் சமைத்துச் சாப்பிட்டார்கள். மான்ட்கோமரி ஏரி பிறகு மெல்ல மெல்லத் தூர்ந்து இப்போது பெரும்பாலும் சதுப்பாகக் கிடக்கிறது. அங்கே எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை.